தழும்பு விடாத லேசர்: என் வலது கண்ணுக்கு நடந்த சிகிச்சை

கடந்த ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு கிரயப் பத்திரத்தைச் சரிபார்த்துக் கொண்டிருந்தபோது, புல எண்ணின் நடு இலக்கம் மட்டும் மங்கியது. இடது கண்ணை மூடிப் பார்த்தால் வரி நடுவில் குழிந்து, எழுத்துகள் சற்றுச் சிறுத்து, அவற்றின்மேல் ஒரு சாம்பல் வட்டம் நின்றது; வலது கண்ணை மூடினால் எல்லாம் சரியாக இருந்தது. 42 வயதில் வரும் வெள்ளெழுத்து என்று நினைத்துக் கண்ணாடிக் கடைக்குப் போனேன். வலது கண்ணுக்குப் பிளஸ் ஒன்று பவர் சேர்த்துக் கொடுத்தார்கள். வரி ஓரளவு தெளிந்தது, வட்டம் போகவில்லை. விழித்திரைக்கு அடியில் நீர் தேங்கி அது முன்னே தள்ளப்பட்டால் கண்ணின் பவர் பிளஸ் பக்கம் நகரும் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தக் கண்ணாடியால் மூன்று வாரம் வீணானதுதான் மிச்சம்.

மதுரையில் ஒரு கண் மருத்துவமனையில் சொட்டு மருந்திட்டுக் கண் பாப்பாவை விரித்து, விழித்திரையைக் குறுக்குவெட்டாகக் காட்டும் ஓசிடி என்ற ஒளிப் படம் எடுத்தார்கள். விழித்திரையின் மையம் பள்ளமாக இருக்க வேண்டிய இடத்தில் கூடாரம்போல் எழும்பியிருந்தது. வழக்கமாக 250 மைக்ரான் அளவில் இருக்கும் தடிமன் எனக்கு 452. சென்ட்ரல் சீரஸ் ரெட்டினோபதி, சுருக்கமாக சிஎஸ்ஆர் என்று சொல்லும் நோய் இது. விழித்திரைக்குப் பின்னாலுள்ள இரத்தக்குழாய்ப் படலத்திலிருந்து கசியும் நீரை, இடையிலுள்ள நிறமிச் செல் அடுக்கு தடுக்க முடியாமல் விட்டுவிடுகிறது. ஸ்டீராய்டு இதைத் தூண்டக்கூடும் என்பதால், ஏதேனும் எடுக்கிறீர்களா என்று மருத்துவர் கேட்டார், இல்லை என்றேன். மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே உண்டா என்று அடுத்துக் கேட்டபோதுதான், தும்மலுக்காக இரண்டு ஆண்டுகளாக அடித்துக்கொண்டிருப்பது நினைவுக்கு வந்தது. அதுவும் ஸ்டீராய்டுதான். காது மூக்கு தொண்டை மருத்துவரைக் கேட்டு அதை நிறுத்தினேன்.

கையில் சாயம் ஏற்றி, கண்ணின் இரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராமில், கசிவு மையத்துக்கு மிக அருகில் இருப்பது தெரிந்தது. (சிறுநீர் மறுநாள் வரை ஆரஞ்சு நிறத்தில் போகும், முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பதறவில்லை.) பெரும்பாலோருக்கு மூன்று நான்கு மாதத்தில் நீர் தானே வற்றிவிடும் என்பதால் காத்திருக்கச் சொன்னார்கள். எனக்கு ஐந்தாவது மாதத்திலும் வற்றவில்லை.

பழைய முறை லேசர் கசியும் இடத்தைச் சுட்டு அடைக்கும். சுட்ட இடத்தில் தழும்பும், அந்த அளவுக்கு நிரந்தரமான குருட்டுப் புள்ளியும் மிஞ்சும். மையத்துக்கருகே அதைச் செய்ய முடியாது. வெர்டிபோர்ஃபின் என்ற மருந்தைப் பாதியளவு ஏற்றிச் செய்யும் ஒளிச் சிகிச்சை மற்றொரு வழி. 2018இல் வெளியான பிளேஸ் ஆய்வில் அதைப் பெற்றவர்களில் 67 விழுக்காட்டினருக்கும், சுடாமல் சிறு சிறு துடிப்புகளாகக் கொடுக்கும் மைக்ரோபல்ஸ் லேசர் பெற்றவர்களில் 29 விழுக்காட்டினருக்கும் ஏழெட்டு மாதத்தில் நீர் முழுதும் வற்றியிருந்தது என்பதை மருத்துவர் மறைக்காமல் சொன்னார். ஆனால் அந்த மருந்து அப்போது கிடைக்கவில்லை. எனவே குறைந்த வாய்ப்பு என்று தெரிந்தே மைக்ரோபல்ஸுக்குக் கையெழுத்திட்டேன். கெடுதல் மிகக் குறைவு என்பதே என் கணக்கு.

சூடான தோசைக்கல்லில் விரலை வைத்திருந்தால் வெந்துவிடும், தொட்டுத் தொட்டு எடுத்தால் சூடு மட்டும் உறைக்கும் அல்லவா? அதே உத்திதான். 577 நானோமீட்டர் மஞ்சள் ஒளி 0.1 மில்லிவினாடி எரிந்து 1.9 மில்லிவினாடி அணைகிறது. ஒரு புள்ளிக்கு 0.2 வினாடி கொடுத்தால் 100 துடிப்புகள் விழும், இடையில் திசு ஆறிவிடும். செல்கள் சாகாமல் தூண்டப்பட்டு, நீரை வெளியேற்றும் தங்கள் வேலையைத் திரும்பச் செய்யத் தொடங்கும் என்பதே எதிர்பார்ப்பு. மையத்திலுள்ள மஞ்சள் நிறமி இந்த ஒளியை அதிகம் உறிஞ்சாததும் ஒரு பாதுகாப்பு.

மரத்துப்போகும் சொட்டு மருந்தை விட்டு, தாடையையும் நெற்றியையும் கருவியில் பொருத்தி, பசை தடவிய ஒரு லென்ஸைக் கண்மேல் வைத்தார்கள். உண்மையில் உறுத்தியது அந்த லென்ஸ் ஒன்றுதான். முதலில் மையத்துக்கு வெகு தொலைவில் ஒரு புள்ளியில் திறனைச் சிறிது சிறிதாகக் கூட்டி, இலேசாக வெளுத்ததும் நிறுத்தி, அந்த அளவைப் பாதிக்கும் கீழே குறைத்துக்கொண்டு சிகிச்சையைத் தொடங்கினார். மஞ்சள் மின்னல்கள் நெருக்கமாக வந்தன. வலி இல்லை, ஐந்து நிமிடத்தில் முடிந்தது. சிறிது நேரம் எல்லாம் ஊதா பூத்துத் தெரிந்தது. கட்டுப் போடவில்லை. வண்டி ஓட்டக் கூடாது என்றதால் தம்பி கூட்டிவந்தான். அவன் எத்தனை இடத்தில் சுட்டார்கள் என்று கேட்டான். கண்ணுக்குள் பார்த்தால் ஒரு தடமும் தெரியாது என்றதற்கு, அப்படியானால் எதற்குப் பணம் வாங்கினார்கள் என்றான்.

அந்தக் கேள்வி ஆறு வாரமும் என்னோடு இருந்தது, ஏனென்றால் சாம்பல் வட்டம் அப்படியே நின்றது. சன்னல் கம்பிகளை ஒற்றைக் கண்ணால் பார்ப்பதே காலை வேலையாயிற்று. ஆறாவது வாரப் படத்தில் தடிமன் 371. என் பார்வைக்கு எட்டாத மாற்றம் ஓசிடிக்கு எட்டியிருந்தது. மறுமுறையும் லேசர் கொடுத்தார்கள். அதிலிருந்து மூன்று மாதம் கழித்து 256க்கு இறங்கியது, கூடாரம் படிந்துவிட்டது.

கம்பிகள் இப்போது நேராக இருக்கின்றன. சிவப்பு முத்திரை மை மட்டும் வலது கண்ணுக்கு இன்னும் கொஞ்சம் வெளிறித் தெரிகிறது. நீர் நெடுநாள் நின்றதன் மிச்சம் அது, முழுதும் மாறாமலும் போகலாம் என்கிறார் மருத்துவர். பிளஸ் ஒன்று கண்ணாடியைப் போட்டால் தூரத்துப் பலகை மங்குகிறது. பழைய கண்ணாடிக்கே திரும்பிவிட்டேன்.