மாமாவின் மாஸியும் அப்பாவின் காதும்

"ஊர்ப் பொண்ணுக்கு டிராக்டரைப் பத்தி என்ன தெரியும், அண்ணே?"

மெக்கானிக் இதை என்னிடம் கேட்கவில்லை. என்னைத் தாண்டி என் மாமனாரிடம் கேட்டார். இன்ஜினுக்குள் டீசலைத் தூவும் மூன்று நாசிலையும் கழற்றி, டெஸ்ட் செய்து, திரும்ப மாட்டிப் பணமும் வாங்கியாகிவிட்டது. வண்டி மட்டும் பழையபடியே ஏற்றத்தில் திணறியது. நான் கேட்டது ஒரே கேள்விதான்: "அணையும்போது புகை என்ன நிறத்துல வருதுன்னு பார்த்தீங்களா?" அதற்குத்தான் இந்தப் பதில். அன்று இரவு சோறு இறங்கவில்லை.

கல்யாணமாகி மலேசியாவில் பெஸ்தாரி ஜெயாவுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்கள். சுற்றிலும் செம்பனை, அதாவது பாமாயில் எடுக்கிற எண்ணெய்ப் பனை. பக்கத்திலேயே தென்னமரம் தோட்டம். பெயரில் தென்னை இருந்தாலும், 1917ல் இந்த நாட்டிலேயே முதன்முதலாக வியாபாரத்துக்காகச் செம்பனை நட்ட இடம் அதுதான். மாமாவின் தாத்தா பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுக்க, வந்தவர். மாமா சிறுகச் சிறுகச் சேர்த்து ஐந்து ஏக்கர் செம்பனை வாங்கியிருக்கிறார். ஊரையே பார்க்காத மாமா, தமிழ்நாட்டை 'ஊரு' என்றுதான் சொல்வார். "ஊர்ல மழையாம்மா?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். மற்றபடி இந்த இடம் எனக்கு நன்றாகவே பழகிவிட்டது. ரிங்கிட்டை வெள்ளி என்று சொல்கிற கணக்கு பழகிவிட்டது, சாயங்கால மழை பழகிவிட்டது, காலையில் ரொட்டி சானாய் இல்லாவிட்டால் எதையோ விட்டதுபோல இருக்கிறது.

அந்த டிராக்டர் சத்தம்தான் பழகவில்லை. பழகவில்லை என்பதுகூடச் சரியில்லை, அது எனக்கு ஏற்கெனவே பழகிய சத்தம். மாமாவுடையது மாஸி பெர்கூசன் 135, மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் டீசல் இன்ஜின். 1964 முதல் 1975 வரை இங்கிலாந்தில் கவண்ட்ரியில் செய்த வண்டி. மன்னார்குடிப் பக்கம் எங்கள் அப்பா வைத்திருந்தது சென்னையில் டாஃபே செய்த சிவப்பு மாஸி 1035, அதுவும் மூன்று சிலிண்டர்தான். மாமா முதல்நாள் வண்டியைக் கிளப்பியபோது நான் அடுப்படியில் இருந்தேன். கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். ஜூன் 12ல் மேட்டூர் திறந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்து, கேஜ் வீல் என்கிற இரும்புச் சேற்றுச் சக்கரம் மாட்டி அப்பா குறுவைக்குச் சேற்றுழவு ஓட்டுகிற நாட்கள் அப்படியே எதிரே வந்து நின்றன. மட்கார்டில் உட்கார்ந்து போவேன். சேறு கனக்கும்போது இன்ஜின் குரல் தாழும், அப்பா கையால் ரேஸைக் கூட்டுவார், குரல் திரும்ப எழும். அந்தத் தாழ்வும் எழுச்சியும் இன்னும் என் காதில் இருக்கிறது.

சரி, நோய்க்கு வருகிறேன். நின்ற இடத்தில் வண்டி அருமையாக ஓடும். ட்ரெய்லரில் குலை ஏற்றி, தோட்டத்துப் பாதையிலிருந்து பாலத்து மேட்டில் ஏறினால் பாதி ஏற்றத்தில் குரல் தாழும். ரேஸைக் கூட்டினாலும் எழாது, அணைந்துவிடும். பத்து நிமிஷம் கழித்துக் கிளப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். வெட்டிய குலையை ஒரு நாளைக்குள் ஆலைக்குச் சேர்த்தாக வேண்டும். நின்றால் பழத்துக்குள் கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெயின் தரம் கெட்டுவிடும். மாமா லோரிக்காரரைக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்கு போன் போட்டேன். அங்கே இரண்டரை மணி நேரம் பின்னால், மதியத் தூக்கத்திலிருந்து எழுந்தார். முதல் கேள்வியே, "புகை என்ன நிறம், பாப்பா?" எனக்கு அழுகை வந்துவிட்டது. கருப்பாகக் கக்கினால் டீசல் போகிறது, காற்று போதவில்லை, ஏர் கிளீனரைப் பார்க்க வேண்டும். புகையே இல்லாமல் மூச்சு அடங்கினால் டீசலே போகவில்லை. இங்கே புகை இல்லை. சும்மா நிற்கும்போது இன்ஜின் குடிப்பது ஒரு மடக்கு. ஏற்றத்தில் அது சொம்பு சொம்பாகக் கேட்கும். கொடுக்கிற வழி அடைபட்டிருந்தால் மேட்டில்தான் தெரியும். "இன்ஜினைத் தொடாத. டேங்க்லேர்ந்து ஆரம்பி" என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை மாமாவும் நானும் இறங்கினோம். டேங்க் மூடியைப் பார்த்தவுடனே ஒன்று புரிந்தது. மழைத் தண்ணீர் இறங்கக் கூடாதென்று மாமா பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் போட்டு இறுக்கியிருந்தார். மூடியில் காற்று நுழைய ஒரு பொடி ஓட்டை உண்டு. அது அடைத்தால் டீசல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகும், பிறகு டீசல் கீழே வராது. பையை எடுத்தோம். வண்டி மேட்டில் இன்னும் பத்தடி கூடுதலாக ஏறி அணைந்தது.

அப்புறம் டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தருகிற ஃபீட் பம்புக்குப் போகிற குழாயைக் கழற்றினோம். பழைய வண்டி, இஞ்ச் அளவு நட்டுகள், மில்லிமீட்டர் ஸ்பானர் போட்டால் முனை மழுங்கிவிடும். மாமாவின் இஞ்ச் ஸ்பானர்கள் ஒரு மைலோ டின்னில் கிடந்தன. விரற்கடை கனத்துக்குக் கொட்ட வேண்டிய டீசல் நூலாக வடிந்தது. டேங்க் அடியிலிருந்த வலையைக் கழற்றினால், கருப்பாக, வழவழவென்று, புளிக்கரைசல்போல ஒரு படலம். 2019ல் இங்கே வண்டிகளுக்குப் போடும் டீசலில் பத்து சதவீதம் செம்பனை டீசல் கலக்க ஆரம்பித்தார்கள். பழைய டேங்கின் சுவரில் வருஷக்கணக்காக ஒட்டியிருந்த அழுக்கை அது கழுவிக் கீழே இறக்கும். ஈரத்தையும் கூடுதலாக இழுக்கும். டேங்கில் தண்ணீர் நின்றால் பாசி பிடித்ததுபோல் ஆகும். இந்த மண்ணில் காய்த்தது டேங்குக்கே திரும்பி வந்திருக்கிறது என்று மாமாவிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் அந்த வலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டேங்கைக் கழுவி, சீனர் கடையில் புது ஃபில்டரும் செம்பு வாஷரும் வாங்கி மாட்டி, ஏர் எடுத்தோம், அதாவது டீசல் குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்றினோம். ஃபீட் பம்பின் கை லீவர் பிடிப்பில்லாமல் ஆடியது. "பம்பு போச்சு" என்றார் மாமா. போகவில்லை. உள்ளே பம்பை இயக்குகிற கேம் என்கிற மேடு, பம்பின் கையைத் தூக்கிப் பிடித்திருந்தால் லீவர் அப்படித்தான் ஆடும். இன்ஜினைக் கொஞ்சம் சுற்றிவிட்டதும் லீவர் பிடித்தது. ஃபில்டர் மேல் திருகு, அப்புறம் பம்புத் திருகுகள், கடைசியில் நாசில் நட்டுகள். நுரை போய்த் தெளிந்த டீசல் வந்தபோது என் கையெல்லாம் எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகை வாசம். அப்பா டீசல் கையோடு அங்கேதான் வந்து உட்காருவார். அந்த மாஸியை விற்று நாலு வருஷம் ஆகிறது. விற்ற அன்றைக்கு நான் அங்கே இல்லை. வண்டி தெரு முனை திரும்பும்வரை அப்பா வாசலிலேயே நின்றாராம். அம்மா போனில் சொன்னாள்.

முழு லோடு. மேட்டில் குரல் தாழ்ந்தது, மாமா ரேஸைக் கூட்டினார், எழுந்தது, ஏறியது. நான் பாலத்தோரம் நின்று அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அப்பாவுக்கு அனுப்பினேன்.

ஒரு மணி நேரம் பதிலே இல்லை. பிறகு குரல் செய்தி வந்தது. "நாலு தடவ போட்டுக் கேட்டேன். நல்லா இழுக்குது. ஆனா ஒரு சிலிண்டர் லேசா பின்தங்குது பாப்பா. ஓடும்போதே நாசில் நட்டை ஒவ்வொண்ணா லூஸ் பண்ணிப் பாரு. எதை அவிழ்த்தா சத்தம் மாறலையோ அதுதான்."

மாமாவுக்குப் போட்டுக் காட்டினேன். அவர் எழுந்து போய் மைலோ டின்னை எடுத்து வந்தார்.