முதல் லோ விங் டெயில்டிராகரா? சக்கரக் காலைப் பார்த்து வாங்குங்கள்

ரிமோட்டில் ஓட்டும் மாடல் விமானங்களைப் பற்றிய பேச்சு இது. லோ விங் என்றால் றெக்கை உடலின் அடிப்பக்கம் இருக்கும்; டெயில்டிராகர் என்றால் முன்னால் இரண்டு சக்கரம், வாலில் ஒரு சின்னச் சக்கரம். றெக்கை மேலே இருக்கும் ஹை விங் ட்ரெயினரில் (பழகுவதற்கான விமானம்) கை நன்றாகப் பழகியதும் பெரும்பாலானோர் கண் போவது ஸ்பிட்ஃபயர் என்ற பழைய போர் விமானத்தின் மாடல் மேல்தான். அழகான விமானம், மறுப்பதற்கில்லை. ஆனால் சக்கரங்கள் இரண்டும் நெருக்கமாக நிற்கும், தரையில் சாய்ந்து றெக்கையை உரசும். நுனி குறுகலான றெக்கை வேறு, வேகம் குறைந்ததும் ஒரு பக்கமாகக் கவிழ்த்துவிடும். முதலாவதாக அது வேண்டாம்.

அடி முதல் நுனி வரை அகலம் குறையாத, தடித்த றெக்கையாகத் தேடுங்கள். றெக்கையின் மொத்த நீளம் 1.2 முதல் 1.4 மீட்டர், விமானத்தின் எடை பேட்டரியோடு 1.4 கிலோவுக்குள், 3 செல் 2200 mAh லிப்போ பேட்டரி போதும். றெக்கை இரண்டு பக்கமும் லேசாக மேல்நோக்கி இருக்க வேண்டும். தட்டையாக இருந்தால் தானாக நேராகாது, அய்லரானை (றெக்கையின் பின்விளிம்பில் சாய்வைத் திருத்தும் பலகை) விடாமல் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்து கால், அதாவது சக்கரங்களைத் தாங்கும் கம்பி. வாங்கும் முன் விமானத்தை வால் தூக்கி மட்டமாகப் பிடித்து, சிஜி புள்ளியிலிருந்து (விமானத்தின் எடை மையம்) நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். சிஜி தரையிலிருந்து 15 செ.மீ. உயரம் என்றால், சக்கர அச்சு நூலுக்கு 4 முதல் 5.5 செ.மீ. முன்னால் வர வேண்டும். அதைவிடப் பின்னால் இருந்தால் இறங்கும்போது மூக்குக் குத்தி புரொப்பெல்லர் உடையும். ரொம்ப முன்னால் போனால் தரை தொட்டதும் வால் இறங்கி, றெக்கை மறுபடி தூக்கி, தவளை மாதிரி குதிக்கும். சக்கரங்கள் முன்பக்கம் வெளியே விரிந்திருக்கவும் கூடாது; நேராகவோ, மயிரிழை உள்நோக்கியோ இருக்கட்டும்.

சென்னைக்கு வடக்கே மீஞ்சூர், பொன்னேரி பக்கம் அறுவடை முடிந்த வயலில் ஓட்டுவதென்றால் 50 மி.மீ. சக்கரம் மண் வெடிப்பில் மாட்டிக்கொள்ளும். 70 மி.மீ. போடுங்கள்.

வால் சக்கரக் கம்பி ரட்டர் சர்வோவோடு (வாலில் திசை திருப்பும் பலகையான ரட்டரை அசைக்கும் சின்ன மோட்டார்) நேரடியாக, விறைப்பாக இணைந்திருந்தால் கல்லில் படும் அடியெல்லாம் சர்வோ பல்லுக்குத்தான் போகும். நடுவில் சின்ன ஸ்பிரிங் இருக்கிற மாடலை எடுங்கள், இல்லையேல் மெட்டல் கியர் சர்வோ மாற்றுங்கள். வாலில் எதைச் சேர்த்தாலும் மூக்கில் ஈடுகட்ட வேண்டும்: சிஜியிலிருந்து 70 செ.மீ. பின்னால் 5 கிராம் ஏறினால், 25 செ.மீ. முன்னால் 14 கிராம் வேண்டும். காசிமேட்டில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு இதற்கு அருமையாக உதவும். தட்டையாகத் தட்டி மோட்டார் பக்கம் ஒட்டிவிடலாம். 22 செ.மீ. அகல றெக்கைக்கு முன்விளிம்பிலிருந்து 5.5 முதல் 6 செ.மீ.யில் சிஜி வைத்துத் தொடங்குங்கள். வால் கனம்தான் முதல் நாளே விமானத்தைத் தொலைக்கும்.

டேக் ஆஃபில் த்ராட்டிலை (மோட்டார் வேகத்தை) மெல்ல ஏற்றுங்கள், மூன்று நான்கு வினாடி ஆகட்டும். திடீரென்று முழுசாகத் தள்ளினால் இடதுபக்கம் இழுக்கும், வலது ரட்டர் தயாராக இருக்க வேண்டும். தொடக்கத்தில் எலிவேட்டரை (வாலில் மூக்கை ஏற்றி இறக்கும் பலகை) மேலே இழுத்து வாலைத் தரையில் அழுத்தி, வேகம் வரவர விடுங்கள். இறங்கும்போது கொஞ்சம் த்ராட்டில் இருக்கட்டும். முன்சக்கரம் இரண்டும் தொட்டதும் எலிவேட்டரைச் சடாரென்று இழுக்காதீர்கள். குதித்துவிட்டால் சமாளிக்கப் பார்க்காமல் த்ராட்டில் கொடுத்து இன்னொரு சுற்றுப் போங்கள்.

நேரமும் முக்கியம். கோடையில் மதியத்தை ஒட்டிக் கடல்காற்று கிழக்கிலிருந்து திரும்பினால், பக்கவாட்டில் அடித்து வாலைச் சுழற்றிவிடும். டெயில்டிராகர் பழக காலை 6 முதல் 8 வரைதான் சரி. இடத்தையும் கவனியுங்கள்: எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் துறைமுகம், அனல்மின் நிலையம், உயரழுத்தக் கம்பிகள் எல்லாம் இருக்கின்றன. 2021 ட்ரோன் விதிகளில் 25 கிலோவுக்குள், கண்பார்வைக்குள் பொழுதுபோக்காக ஓட்டும் மாடலுக்கு டைப் சான்றிதழ் (அந்த வகை விமானத்துக்கான அரசு ஒப்புதல்) தேவையில்லை. ஆனால் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் (ட்ரோன் பறக்கும் இடங்களைக் காட்டும் அரசு வரைபடம்) அந்த இடம் சிவப்பா, மஞ்சளா, பச்சையா என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏற்றுங்கள். கடலோரத்தில் ஓட்டினால் வீடு திரும்பியதும் கால் கம்பி, சக்கர அச்சு, மோட்டார் எல்லாவற்றையும் துணியால் துடையுங்கள். உப்புக்காற்றில் அவை சீக்கிரமே துருப்பிடிக்கும்.