கடைசிக் கார்பன் பிரதி

மெல்லிசான தாள்களை அடுக்கி, நடுநடுவே கார்பன் வைத்து டைப்ரைட்டரில் ஓங்கித் தட்டினால் ஒரே மூச்சில் ஐந்தாறு பிரதி எடுத்துவிடலாம். கடைசிப் பிரதி யார் கைக்குப் போகிறதோ அவர் பாடு திண்டாட்டம்தான், எழுத்தைத் தேடித்தேடித்தான் படிக்க வேண்டும். சோவியத் நாட்டில் தணிக்கைக்குத் தப்பிய எழுத்து இப்படித்தான் கைமாறியது. சமிஸ்தாத் என்று பெயர். தானே வெளியிட்டுக்கொண்டது என்று அர்த்தம்.

இரண்டு வாரமாக இதையேதான் படித்துக்கொண்டிருக்கிறேன். அதிலும் 1968 ஏப்ரலில் தொடங்கிய 'நடப்பு நிகழ்வுகளின் குறிப்பேடு' என்ற இதழை விட்டு மனசு நகர மாட்டேன் என்கிறது. முதலில் அதைத் தொகுத்துத் தட்டச்சு செய்தவர் நதால்யா கோர்பனேவ்ஸ்கயா என்ற கவிஞர். முகப்பில் ஐநா மனித உரிமைப் பிரகடனத்தின் 19ஆம் பிரிவு இருக்கும், பேச்சுரிமை பற்றியது. உள்ளே ஆவேசம் கிடையாது. யாரைப் பிடித்தார்கள், எந்த வீட்டில் சோதனை, எந்தப் பிரிவில் வழக்கு, எத்தனை வருஷம், அவ்வளவுதான், ரயில்வே கால அட்டவணை மாதிரி. தப்பான தகவல் போயிருந்தால் பின்னால் வரும் இதழில் திருத்தம் வேறு போடுவார்கள். பிடிபட்டால் ஜெயில் என்கிற நிலையில் திருத்தம்! வாட்ஸாப்பில் தப்பான செய்தியை அனுப்பிவிட்டுச் சத்தம் காட்டாமல் இருந்த நாட்களை நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் திருத்தம் போட்டதை முதலில் நல்ல குணம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அப்புறம்தான் அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 190-1 என்ற பிரிவைப் பற்றிப் படித்தேன். சோவியத் அமைப்பைப் பற்றித் தெரிந்தே பொய் பரப்பினால் மூன்று வருஷம் வரை சிறை. சரி, பொய்யே இல்லாமல் எழுதினால்? அதற்கும் உள்ளே தள்ளினார்கள்.

இதழுக்கு முகவரி கிடையாது. செய்தி இருந்தால், உங்களுக்கு இதழைக் கொடுத்தவரிடமே சொல்லுங்கள், அவர் தனக்குக் கொடுத்தவரிடம் சொல்வார் என்று அதிலேயே எழுதியிருந்தார்கள். அந்தச் சங்கிலியை நீங்களே நூல் பிடித்துப் போகாதீர்கள், உளவாளி என்று நினைத்துவிடுவார்கள் என்ற எச்சரிக்கையும் கூடவே. இப்படியே 1980கள் வரை ஓட்டியிருக்கிறார்கள்.

1968 ஆகஸ்ட் 25 அன்று, செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் சோவியத் தலைமையிலான படை புகுந்ததைக் கண்டித்து மாஸ்கோ செஞ்சதுக்கத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்தார்கள். கோர்பனேவ்ஸ்கயா கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். சில நிமிஷங்களில் பதாகைகளைப் பிடுங்கிக் கிழித்து எல்லோரையும் அள்ளிக்கொண்டு போனார்கள். குழந்தைக்காரி என்பதால் அவரை அப்போதைக்கு விட்டுவைத்தார்கள். 1969 டிசம்பரில் கைது, அப்புறம் மனநோயாளி என்று முத்திரை குத்தி மனநல மருத்துவமனையில் அடைத்தார்கள்.

அவருடைய கைதும் அந்த இதழில் செய்தியாக வந்தது, அதே வறண்ட நடையில். வேறு யாரோ தட்டியிருந்தார்கள்.