கணக்கை நீக்கும் முன் படங்களை இறக்கிக்கொள்ளுங்கள்

செட்டிநாட்டில் உள்ள எங்கள் பூர்வீக வளவு வீட்டுப் படங்களை வைத்திருந்த இணையக் கணக்கு ஒருவழியாக நிரந்தரமாக நீங்கிவிட்டது. வெளியூர்களிலும் மலேசியாவிலும் இருக்கும் பங்காளிகள் பார்க்கட்டும் என்று தொடங்கிய கணக்கு அது. ஆத்தங்குடிக் கல் பதித்த முகப்பு, பர்மா தேக்குத் தூண்கள் ஆகியவற்றின் படங்களோடு, பெட்டகத்தில் கிடந்த பழைய புகைப்படங்களையும் ஸ்கேன் செய்து ஏற்றியிருந்தோம். ஏற்றுவதில் எந்தச் சிரமமும் இருக்கவில்லை. வெளியே வருவதுதான் பெரும்பாடாகிவிட்டது.

சிக்கல் ஒரே ஒரு படத்தில் தொடங்கியது. என் அப்பத்தாவைப் பெற்றவர்களின் சாந்திக் கல்யாணத்தன்று, அதாவது அறுபதாம் கல்யாணத்தன்று, எடுத்த படம். ஐயா நாற்காலியில் அமர்ந்திருக்க, ஆச்சி பக்கத்தில் நிற்கிறார்கள்; கழுத்தில் எங்கள் பக்கத்துத் திருமாங்கல்யமான கழுத்திரு, உடுத்தியிருப்பது கண்டாங்கிச் சேலை, தோளில் ரவிக்கை இல்லை. அந்தத் தலைமுறை ஆச்சிமாருக்கு ரவிக்கை அணியும் வழக்கம் கிடையாது. செட்டிநாட்டுப் பழைய வீடுகளின் சுவர்களில் இத்தகைய படங்கள் இன்றும் மாலையோடு தொங்குகின்றன. ஏற்றிய சிறிது நேரத்திலேயே, நிர்வாணம் தொடர்பான விதியை மீறியதாகக் கூறி அந்தப் படத்தைத் தளம் எடுத்துவிட்டது. கணக்குக்கும் எச்சரிக்கை விழுந்தது. முன்னோர் என்று நாங்கள் படைப்பு வைத்துக் கும்பிடும் ஒருவர்மீது அந்தச் சொல் விழுந்ததை அப்பத்தாவிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இத்தகைய தளங்களில் முதல் வடிகட்டலைச் செய்வது பெரும்பாலும் மென்பொருள்தான். வெற்றுத் தோளைக் கண்டால் அது விதிமீறல் என்று குறித்துவிடுகிறது; உடுத்தியிருப்பவரின் காலமும் வழக்கமும் அதற்குத் தெரிவதில்லை. மறுபரிசீலனைப் பொத்தானை அழுத்தினேன். விளக்கம் எழுத இடமே இல்லாத அந்தப் படிவத்துக்கு, முதலில் வந்த அதே வாசகம் மீண்டும் பதிலாக வந்தது. இந்தப் பொத்தானையே நம்பி இருந்துவிடாதீர்கள்.

வழி திறந்தது, தளத்தில் புகார்களைக் கவனிக்கும் குறைதீர் அலுவலருக்கு எழுதிய பிறகுதான். 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, நம் நாட்டில் இயங்கும் இத்தகைய தளங்கள் குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும்; புகார் கிடைத்ததை 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். அவருடைய முடிவில் நிறைவில்லையென்றால், 30 நாள்களுக்குள் மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவிடம் இணையவழியே செல்லலாம். எங்களுக்கு அதுவரை போக நேரவில்லை. படத்தின் முகவரி, நீக்க அறிவிப்பின் நகல், உடை வழக்கத்தைப் பற்றிய விளக்கம் ஆகியவற்றோடு, பண்பாட்டுப் படங்களுக்கு விலக்கு அளிக்கும் அத்தளத்தின் சொந்த விதியையும் எடுத்துக்காட்டி எழுதினேன். ஒரு மனிதர் படித்து எழுதியது என்று தெரியும் பதில் வந்தது. படமும் திரும்பியது, எச்சரிக்கையும் நீங்கியது. அன்று எனக்கு ஏற்பட்ட நிம்மதி சாதாரணமானதன்று.

ஆயினும், இனி நம் முன்னோர் படங்கள் அங்கே இருக்க வேண்டாம் என்று பங்காளிகள் கூடி முடிவு செய்தார்கள். அதை நானும் முழுமனதோடு ஏற்றேன்.

முதலில் எல்லாவற்றையும் பதிவிறக்கம் செய்ய விண்ணப்பித்தேன். தொகுப்பு தயாரானதும் மின்னஞ்சலில் இணைப்பு வரும். அந்த இணைப்புக்குச் சில நாள்களே ஆயுள். எங்கள் ஊரின் இணைய வேகத்தில் அத்தனை பெரிய கோப்பு பாதியில் அறுந்துகொண்டே இருந்ததால், காரைக்குடி செக்காலை சாலையில் உள்ள கணினி மையத்துக்குப் போனேன். அங்கே மின்சாரம் இல்லை. மறுபடி போவதற்குள் இணைப்பு காலாவதியாகி, புதிதாக விண்ணப்பிக்க நேர்ந்தது. கிடைத்த தொகுப்பிலோ படங்களின் பெயர்கள் வெறும் எண்களாக மாறியிருந்தன. யார் யார் எந்த வரிசையில் நிற்கிறார்கள் என்று நாங்கள் எழுதிய குறிப்புகளெல்லாம் வேறொரு கோப்பில் இருந்தன. கணக்கு உயிரோடு இருக்கும்போதே படத்தையும் குறிப்பையும் பொருத்திச் சரிபார்த்துவிடுங்கள்; பிறகு ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருக்காது.

அடுத்தது நீக்கம். அமைப்புகளில் எளிதாகக் கண்ணில் படுவது தற்காலிக முடக்கம். அதில் படங்கள் மறைகின்றனவே தவிர, தளத்திடம் அப்படியே இருக்கின்றன. நிரந்தர நீக்கம் உதவிப் பக்கத்தின் அடியில் தனி இணைப்பாக இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்த பின்பும் 30 நாள் அவகாசம் உண்டு. இடையில் யாராவது உள்நுழைந்தால் விண்ணப்பம் ரத்தாகிவிடும். கோலாலம்பூரில் இருக்கும் சித்தப்பா வீட்டு டேப்லெட்டில் செயலி திறந்தே இருந்திருக்கிறது. பிள்ளைகள் அதைத் தொட, காத்திருந்த நாள்கள் வீணாகி, முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. விண்ணப்பிக்கும் முன் கடவுச்சொல்லை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் வசதியைப் பயன்படுத்துவது கட்டாயம்.

கணக்கு போனாலும் பிறர் எடுத்து மறுபடி ஏற்றிய நகல்கள் தாமாகப் போவதில்லை. ஒரு சுற்றுலா விளம்பரப் பக்கம் எங்கள் முகப்புப் படத்தை அனுமதியின்றிப் பயன்படுத்தியிருந்தது. வீடு எங்களுடையது என்பது அங்கே செல்லாது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, பொதுவாகப் படம் எடுத்தவரே உரிமையாளர். ஆகவே அந்தப் படத்தை எடுத்த என் தம்பியின் பெயரில், அசல் கோப்போடு புகார் அளித்தோம், எடுத்துவிட்டார்கள். தேடுபொறியில் மட்டும் ஆச்சியின் படம் சிறு சதுரமாகச் சில காலம் தெரிந்துகொண்டிருந்தது. காலாவதியான உள்ளடக்கத்தை அகற்றக் கோரும் படிவம் தேடுபொறியிலேயே இருக்கிறது. அதை நிரப்பி அனுப்பிய பின் அதுவும் மறைந்தது.