ரீப்ளே நோட்டு: தருமபுரி, ஜூன் 2025

8 ஜூன், ஞாயிறு

நேற்று இரவு ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை வீடியோ கேமில், ஆன்லைன் தனி அறையில் (கஸ்டம் ரூம்) ஒரு செட். பாலக்கோட்டுத் தம்பி ஆடியது ரியூ என்ற பாத்திரம், காவேரிப்பட்டணத்துக்காரர் ஆடியது கென். முதலில் ஐந்து எடுப்பவர் ஜெயித்தார் என்று கணக்கு, தம்பி 2-5. ஏழு ஆட்டத்தின் ரீப்ளே (பதிவு) ஐடியோடு தம்பியிடமிருந்து ஒரு வரியும் வந்தது: "அண்ணா, எனக்கு ஆன்டி-ஏரே வரல. எப்படிப் பழகறதுன்னு சொல்லுங்க." ஆன்டி-ஏர் என்றால் குதித்து வருபவரைக் காற்றிலேயே அடித்து வீழ்த்துவது.

கேட்டதற்கு உடனே பதில் சொல்லக் கூடாது. தோற்றவன் கண்ணில் நிற்பது வலித்த இடம்; தப்பு அங்கேதான் என்று உறுதி இல்லை. ஏழையும் ஒரு முறை நிறுத்தாமல் பார்த்தாயிற்று. முதல் தடவை பேனாவைத் தொடுவதில்லை. நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் ஒவ்வொரு அடியும் தனித் தப்பாகத் தெரியும், ஆட்டத்தின் ஓட்டம் கைக்கு வராது.

தம்பியிடம் ஒன்று கேட்டேன்: வைஃபையா, கேபிளா? செல்போன் ஹாட்ஸ்பாட் என்றான். இது முக்கியம். ரோல்பேக்கில் (எதிராளியின் அசைவை ஊகித்து ஓட்டி, பிறகு திருத்தும் ஆன்லைன் முறை) ஆடும்போது லைன் மோசமானால் திரையில் ஆள் சட்டென்று இடம் மாறித் தெரிவார். ரீப்ளேயில் அந்தக் குதிப்பு இருக்காது, எல்லாம் சரியான முடிவோடு சீராக ஓடும். அவன் கண் பார்த்ததும் நாம் இங்கே பார்ப்பதும் ஒன்றல்ல. அதனால் இரண்டு மூன்று ஃபிரேம் (வினாடியில் அறுபதில் ஒரு பங்கு) தாமதத்தைத் தப்புக் கணக்கில் சேர்க்கவில்லை. அடுத்த செட்டுக்கு லேன் கேபிள் கட்டாயம்.

9 ஜூன், திங்கள்

இன்றைக்கு மூன்று, நான்கு, ஆறாவது ஆட்டங்கள் மட்டும். வேகத்தைக் குறைத்து, கீ ஹிஸ்டரியை (அழுத்திய பட்டன்களின் வரிசை) திரையில் போட்டுப் பார்த்தேன். கென் குதித்து அடித்த அடி மொத்தம் 11. ஒவ்வொன்றுக்கும் இறங்கி வரும் ரவுண்ட் கடிகாரத்தின் எண்ணைக் குறித்து, அந்த நொடியில் தம்பியின் கை என்ன செய்தது என்று எழுதினேன்.

பட்டன் அழுத்தியும் தாமதமானது 3. எதுவுமே அழுத்தாதது 1. மீதி 7 முறையும் ரியூ ஹடோக்கன் (கையை நீட்டி எறியும் ஆற்றல் பந்து) நடுவில் இருந்தான். கையை நீட்டிக்கொண்டு நிற்கும்போது எந்த ஆன்டி-ஏரும் வராது. எழும்பிக் குத்தும் ஷோரியூக்கனை மணிக்கணக்கில் பழகினாலும் இந்த ஏழும் அப்படியே விழும். நோய் ஆன்டி-ஏரில் இல்லை, ஹடோக்கனில் இருக்கிறது.

ஆட்டம் வினாடிக்கு 60 ஃபிரேம். ஹடோக்கன் தொடங்கி ரியூ மறுபடி அசைய முக்கால் வினாடி ஆகும். ஒரு ஜம்ப் கிளம்பித் தரையைத் தொடவும் ஏறக்குறைய அதே நேரம். பந்தைக் கண்ணால் பார்த்த பிறகு கென் குதித்தால், அவர் இறங்குவதற்குள் ரியூ தயாராகிவிடுவான்; ஷோரியூக்கனுக்கு நேரம் தாராளம். அடி விழ வேண்டுமென்றால் ஹடோக்கன் கிளம்பும் அதே கணத்தில் அவரும் கிளம்பியிருக்க வேண்டும். மனிதக் கண்ணும் கையும் பார்த்துச் செய்யக்கூடிய வேகம் இல்லை அது. ஆக, அவர் பார்த்துக் குதிக்கவில்லை, தெரிந்து குதிக்கிறார்.

எதை வைத்துத் தெரிந்தது? நான்காவது ஆட்டம், இரண்டாம் ரவுண்ட், கடிகாரத்தில் 71. ரியூ பின்னால் ஒரு அடி வைக்கிறான், ஹடோக்கன். 66ல் பின்னால் ஒரு அடி, ஹடோக்கன். 60ல் பின் அடி வைத்ததுமே கென் காற்றில். மூன்று ஆட்டத்தையும் அந்தக் கண்ணோடு மறுபடி ஓட்டினேன்: அடி வாங்கிய ஏழில் ஆறுக்கு முன்னால் அந்தப் பின் அடி இருக்கிறது. இதைப் பிடித்தபோது மனசு நிறைந்துபோனது. திருத்தக்கூடிய ஒரே ஒரு பழக்கம், அதுவும் இவ்வளவு தெளிவாக.

10 ஜூன், செவ்வாய்

டிரைவ் கேஜ் (சிறப்பு அசைவுகளுக்குச் செலவாகும் சக்தி அளவு) பற்றியும் எழுத இருக்கிறது. ஆறு கட்டத்தில் டிரைவ் ரஷ் கேன்சலுக்கு (அடியை முறித்து முன்னால் பாய்வது) 3, ஓவர்டிரைவ் (வலுவூட்டிய) ஹடோக்கனுக்கு 2, டிரைவ் இம்பாக்டுக்கு (கனத்த ஒற்றை அடி) 1 என்று முதல் இருபது வினாடிக்குள் காலி. கேஜ் காலியான பர்ன்அவுட் நிலையில் ஒவ்வொரு பிளாக்குக்கும் எதிராளிக்கு 4 ஃபிரேம் கூடுதல் லாபம். அதே நிலையில் கார்னரில் (திரையின் ஓரத்தில்) டிரைவ் இம்பாக்டை பிளாக் செய்தாலே ஸ்டன், ஆள் மயங்கி நிற்பான். உண்மையான குறைதான். ஆனாலும் இந்த வாரம் அவனிடம் சொல்லப் போவதில்லை. இரண்டு விஷயம் சொன்னால் இரண்டும் அரைகுறையாகும்.

11 ஜூன், புதன்

வாய்ஸ் நோட் அனுப்பும் முன் ஒரு கேள்வி மட்டும்: "நாலாவது மேட்ச், 60ல, அவர் என்ன பண்ணுவார்னு நினைச்ச?" பதில்: "தாண்டுவார்னு தெரியும்ணா, ஆனா கை தானா போயிடுது." இந்தப் பதில் இல்லாமல் தீர்வு எழுதியிருந்தால் தவறாகப் போயிருக்கும். அவனுக்கு ஆட்டம் புரிகிறது. விரல்தான் முந்துகிறது. ஆகவே பாடம் நடத்த வேண்டாம், பயிற்சி போதும்.

"ஏன் ஹடோக்கன் விட்ட?" என்று கேட்கக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன். அப்படிக் கேட்டால் பையன் ஹடோக்கனையே விட்டுவிடுவான்; ரியூவிடம் அது இல்லையென்றால் கென் நிம்மதியாக நடந்து வருவார். அனுப்பியது இவ்வளவுதான்: "பின்னால அடி வைக்கிறது நல்லது. அதுக்கப்புறம் மூணுல ஒரு தடவைதான் விடணும். மத்த ரெண்டு தடவை கீழ உட்கார்ந்து மேல பாரு." கூடவே 71, 66, 60 மூன்று எண்களும், அவனே போய்ப் பார்க்கட்டும் என்று.

12 ஜூன், வியாழன்

டிரெய்னிங் மோட் அமைப்பு. டம்மியாக (பயிற்சிக்கான எதிராளி) கென், அவன் செய்ய வேண்டியதாக ரெக்கார்டிங் ஸ்லாட்டில் மூன்று: முன் ஜம்ப் கனமான கிக், முன்னால் நடந்து வந்து த்ரோ, சும்மா நின்று பிளாக். மூன்றும் ரேண்டமாக ஓட வேண்டும். தம்பி பின் அடி வைத்து, காத்திருந்து, வருவதைப் பார்த்துப் பதில் கொடுக்க வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம், நாளைக்கு இரண்டு தடவை. ஜம்ப்பை மட்டும் பதிந்து பழகினால் பயனில்லை. என்ன வரும் என்று முன்பே தெரிந்துவிடும், கண்ணுக்கு வேலை இருக்காது.

15 ஜூன், ஞாயிறு

நேற்று அதே இருவர், கேபிள் போட்டு. 4-5, தம்பி தோல்வி. ஹடோக்கன் நடுவில் வாங்கிய ஜம்ப் மொத்த செட்டிலும் 3. காத்திருந்து கொடுத்த ஷோரியூக்கன் 8. கென் ஆறாவது ஆட்டத்துக்குப் பிறகு குதிப்பதைக் குறைத்துக்கொண்டு டிரைவ் ரஷ்ஷில் தரையோடு வர ஆரம்பித்தார். இது தம்பிக்குப் பிடிபடவில்லை, மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பதாவது ஆட்டம் கடைசி ரவுண்டில், கடிகாரத்தில் 38, 31, 24ல் அப்படி வந்தார். டிரைவ் ரஷ்ஷின் பச்சை வெளிச்சம் தெரிந்ததும் தம்பி என்ன அழுத்தினான் என்று கீ ஹிஸ்டரியில் பார்க்க வேண்டும். கேஜ் எத்தனை கட்டம் மீதி இருந்தது என்பதையும் இந்த முறை சேர்த்துக் குறிக்கிறேன்.