மைகுருவின் 30 நாட்கள்

தென்னாப்பிரிக்காவில் இருக்கும் எங்கள் வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் வேலைக்கு வரும் பெண் ஜிம்பாப்வேக்காரர். 2024 ஜனவரி 28, ஞாயிற்றுக்கிழமை, வேலை நாள் இல்லாத நாளில் கதவைத் தட்டினார். பின்னால் ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா. "என் மைகுரு" என்று அறிமுகப்படுத்தினார். ஷோனா மொழியில் மாய் என்றால் அம்மா, குரு என்றால் பெரிய. அம்மாவின் அக்கா. அப்படியே நம்ம பெரியம்மா. அன்றிலிருந்து நானும் அவரை மைகுரு என்றுதான் கூப்பிடுகிறேன்.

மைகுரு மூன்று வருடமாக ஒரு வீட்டில் வாரம் ஐந்து நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் வேலை பார்த்தவர். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மஸ்விங்கோ பக்கம் இருக்கும் சொந்த ஊருக்குப் போனார். திரும்பும்போது பெய்ட்பிரிட்ஜ் எல்லையில் கூட்டம், பேருந்து நகரவில்லை, அப்புறம் பேரனுக்குக் காய்ச்சல். நான்கு நாள் தாமதம். ஜனவரி 9 அன்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்திருக்கிறது. விரிசல் விட்ட போனை என்னிடம் நீட்டினார். இனி வர வேண்டாம், வேறு ஆள் பார்த்துவிட்டோம். அவ்வளவுதான். அதற்குக் கீழே மைகுரு அனுப்பிய பதில்: "சரி மேடம். என் செருப்பும் பாத்திரமும் பின்னறையில் இருக்கின்றன." அதற்குப் பதில் இல்லை.

செய்தி அனுப்பியவரின் பெயரைப் பார்த்ததும் எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பம். இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் சேர்ந்து பொங்கல் வைத்திருந்தோம். யார் என்று இங்கே சொல்லப் போவதில்லை. மைகுருவுக்கும் அதில் விருப்பமில்லை.

இதை எழுதுவதற்குக் காரணம் ஒன்றுதான். தென்னாப்பிரிக்காவில் வேலைக்கு ஆள் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. இப்படி ஒரு வழி இருப்பது, வேலை கொடுப்பவர்களுக்கும் தெரியவில்லை, வேலை போனவர்களுக்கும் தெரியவில்லை.

அந்த வழிக்குப் பெயர் சி.சி.எம்.ஏ. வேலைத் தகராறுகளில் சமரசம் பேசவும், முடியாவிட்டால் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லவும் 1995ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டம் உருவாக்கிய அமைப்பு. புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. ஆனால் வேலையை விட்டு நீக்கிய நாளிலிருந்து 30 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். தாண்டினால், ஏன் தாமதம் என்று விளக்கித் தனியாக மனுப் போட்டு, அதை அவர்கள் ஏற்றுக்கொண்ட பிறகுதான் வழக்கே நகரும். மைகுரு என்னிடம் வந்தபோது 19 நாள் போயிருந்தது. அந்த 19 நாளும் அவர் ஜோகன்னஸ்பர்க் பக்கமுள்ள தெம்பிசாவிலிருந்து கிளம்பி ஒவ்வொரு குடியிருப்பு வாசலிலும் வேலை கேட்டுக்கொண்டிருந்தார்.

முன்னமே ஏன் புகார் கொடுக்கவில்லை என்று கேட்டேன். அவரிடம் வேலை செய்வதற்கான பெர்மிட் இல்லை. புகார் கொடுத்தால் பிடித்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று டாக்ஸியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அன்று இரவு உட்கார்ந்து படித்தேன். தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு, நியாயமான வேலை நடைமுறைக்கு 'எல்லோருக்கும்' உரிமை உண்டு என்கிறது. குடிமக்களுக்கு என்று சொல்லவில்லை. 2008இல் டிஸ்கவரி ஹெல்த் வழக்கில் தொழிலாளர் நீதிமன்றம் இதையே வைத்து, பெர்மிட் இல்லாமல் வேலை பார்த்தவரும் தொழிலாளிதான், அவரும் சி.சி.எம்.ஏ.வுக்குப் போகலாம் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பெர்மிட் இல்லாதவரை வேலைக்கு வைப்பதுதான் குற்றம். அந்தக் குற்றத்தைச் செய்த முதலாளி அதையே காட்டித் தப்பிக்க முடியாது. மறுநாள் இதை மைகுருவிடம் சொன்னபோது, உடனே நம்பவில்லை. தங்கை மகள் ஷோனாவில் மூன்று முறை சொன்ன பிறகுதான் தலையாட்டினார்.

படிவத்தின் பெயர் எல்.ஆர்.ஏ. 7.11. பார்க்க நீளமாக இருந்தாலும் கேட்பது எளிய விஷயங்கள்தான். யார், யார் மீது, எந்தத் தேதி, என்ன நடந்தது, என்ன வேண்டும். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்றும் ஒரு இடம் உண்டு, அதில் ஷோனா என்று எழுதினோம். அடையாள எண் கேட்ட இடத்தில் பாஸ்போர்ட் எண். என்ன வேண்டும் என்ற இடத்தில், திரும்ப வேலை வேண்டாம், இழப்பீடு போதும் என்றார் மைகுரு.

சம்பளக் கணக்கைப் போட்டபோதுதான் எனக்கு வயிறு கலங்கியது. அப்போதைய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 25.42 ரேண்ட். வாரம் 40 மணி என்றால் மாதத்துக்குச் சுமார் 4,400 ரேண்ட் வரும். மைகுரு வாங்கியது 3,600. 2019இல் தேசியக் குறைந்தபட்சக் கூலி வந்தபோது பொதுவாக மணிக்கு 20 ரேண்ட், வீட்டு வேலை செய்பவர்களுக்கு 15 ரேண்ட் என்று வைத்திருந்தார்கள். 2022 மார்ச்சில்தான் இரண்டும் ஒன்றானது. முன்னறிவிப்பும் அப்படித்தான்: ஆறு மாதத்துக்கு மேல் வீட்டு வேலை பார்த்தவருக்கு நான்கு வாரம் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த நான்கு வாரச் சம்பளம். இவருக்கு ஒரு நாள்கூடக் கொடுக்கவில்லை. கூலிக் குறைவு, நோட்டீஸ் பணம், விடுப்புப் பணம் எல்லாவற்றையும் சேர்த்தே எழுதினோம்.

இந்த நடைமுறையில் ரொம்பக் கஷ்டமானது படிவம் இல்லை. அதன் ஒரு பிரதியை நாமே எதிர்த்தரப்புக்குச் சேர்த்து, சேர்த்ததற்கு ஆதாரத்தையும் இணைக்க வேண்டும் என்பதுதான். கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கலாம், பதிவுத் தபாலில் அனுப்பலாம், மின்னஞ்சலிலும் அனுப்பலாம்.

மைகுரு நேரில் கொடுக்க விரும்பினார். நான் காரில் கூட்டிப் போனேன். குடியிருப்பு வாசலில் காவலர் வீட்டுக்குப் போன் செய்தார், உள்ளே விடாதே என்று பதில் வந்தது. மூன்று வருடம் தினமும் கைகாட்டி உள்ளே விட்ட அதே காவலர். அவர் மைகுருவின் முகத்தைப் பார்க்காமல் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். மைகுரு உறையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் வெயிலில் நின்றார். பிறகு, "வீட்டுக்குப் போகலாம், மேடம்" என்றார்.

மின்னஞ்சல்தான் அனுப்ப வேண்டியிருந்தது. பொங்கல் விழா வசூல் பட்டியலில் அந்த முகவரி என்னிடம் இருந்தது. அதை எடுத்துப் பயன்படுத்துவது சரியா என்று வெகுநேரம் யோசித்தேன். மைகுருவின் பெயரில் புதிதாக ஒரு கணக்குத் திறந்து, அதிலிருந்து அனுப்பி, அனுப்பிய பக்கத்தை அச்செடுத்தோம். ஒரு மணி நேரத்தில் எனக்குப் போன் வந்தது. "நம்ம ஆளுங்க நீங்களே இப்படிப் பண்ணலாமா? அவளுக்கு எவ்வளவு செஞ்சிருக்கோம் தெரியுமா? துணி, சாப்பாடு, பசங்களோட பழைய புத்தகம்..." எல்லாம் கொடுத்திருக்கிறார்கள், அது உண்மை. மைகுருவே அதைச் சொன்னார். ஆனால் கொடுத்தது எதுவும் கூலிக் கணக்கில் சேராது. அதை நான் சொன்னதும் போன் துண்டிக்கப்பட்டது.

பிப்ரவரி 1, நகர மையத்தில் இருக்கும் சி.சி.எம்.ஏ. அலுவலகத்தில் படிவத்தைக் கொடுத்தோம். உதவி மேசையில் இருந்த பெண் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து, ஓர் இடத்தில் விடுபட்ட கையெழுத்தைக் காட்டி, நம் பிரதியில் முத்திரை வைத்தார். ஜி.ஏ.ஜே.பி. என்று தொடங்கும் வழக்கு எண் வந்தது. பெர்மிட் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளியே வந்து படியில் உட்கார்ந்த மைகுரு, முத்திரை ஈரம் காயும்வரை தாளை மடிக்கவில்லை.

சமரசப் பேச்சு பிப்ரவரி 23 என்று குறுஞ்செய்தி வந்தது. அங்கே எனக்கு ஓர் ஏமாற்றம். தோழி, சொந்தம், தெரிந்தவர் என்று யாரும் உள்ளே போக முடியாது. தொழிலாளி, அல்லது அவருடைய சங்கத்தின் ஆள், அவ்வளவுதான். முதலாளி பக்கமும் வக்கீல் கிடையாது. சமமாக இருக்கட்டும் என்பதற்கான விதி அது, நல்ல விதிதான். ஆனால் இத்தனை நாள் சொல்லிக்கொடுத்துவிட்டு கதவுக்கு வெளியே நிற்பது எளிதாக இல்லை. உள்ளே போவதற்கு முன் இரண்டு விஷயத்தை மட்டும் நினைவுபடுத்தினேன். நீக்கியதற்கு அந்த வாட்ஸ்அப் செய்தியே சாட்சி. நீக்கியது நியாயம் என்று நிரூபிக்க வேண்டியது அவர்கள், நீங்கள் இல்லை.

ஒன்றரை மணி நேரம். உள்ளே பேசியது வெளியே வரக் கூடாது என்பது விதி, நானும் கேட்கவில்லை. கையெழுத்தான ஒப்பந்தத்தோடு வந்தார். 14,000 ரேண்ட், இரண்டு தவணை. செருப்பையும் பாத்திரத்தையும்கூட எழுதியிருந்தார்கள்.

என் கணக்குக்கு இது குறைவு. ஒப்புக்கொள்ளாமல் விசாரணைக்குப் போயிருந்தால் அதிகபட்சமாகப் பன்னிரண்டு மாதச் சம்பளம் வரை கேட்டிருக்கலாம். கொஞ்சம் ஆதங்கத்தோடு அதைச் சொல்லியும்விட்டேன். மைகுரு என் கையைப் பிடித்துக்கொண்டு, பேரனின் பள்ளிக் கட்டணம் இந்த மாதம் கட்ட வேண்டும், பன்னிரண்டு மாதம் என்பது பிறகு வருவது என்றார். அவருடைய வழக்கு, அவர் முடிவு.

முதல் தவணை சொன்ன நாளில் வந்தது. இரண்டாவது வரவில்லை. ஒப்பந்தத்தைத் தீர்ப்பாக மாற்றித்தரச் சொல்லி சி.சி.எம்.ஏ.விடம் கேட்கலாம், தொழிலுறவுச் சட்டத்தின் 142ஏ பிரிவு அதற்குத்தான். மனுவை நிரப்பி, அதன் பிரதியை மின்னஞ்சலில் அனுப்பினோம். மறுநாள் மதியம் பணம் வந்துவிட்டது. பாத்திரமும் வந்தது. செருப்பு தொலைந்துவிட்டதாம்.

இதற்கிடையில் இன்னொன்றும் படித்தேன். மரியா மஹ்லாங்கு என்ற வீட்டு வேலைக்காரப் பெண் 2012 மார்ச்சில் பிரிட்டோரியாவில் முதலாளி வீட்டு நீச்சல் குளத்தில் விழுந்து இறந்தார். அதே வீட்டில் 22 வருடம் வேலை பார்த்தவர். கண் பார்வை குறைவு, நீச்சல் தெரியாது. வேலையிடத்து விபத்துக்கான இழப்பீட்டுச் சட்டம் வீட்டு வேலை செய்பவர்களை வெளியே வைத்திருந்ததால் மகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மகள் விடவில்லை. 2020 நவம்பர் 19 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம், அந்த விலக்கு செல்லாது என்று சொன்னது. 1994 ஏப்ரல் 27 முதலே செல்லாது என்றும் சொன்னது.

எங்கள் வீட்டில் குளம் இல்லை. மூன்றாம் மாடி ஜன்னல் இருக்கிறது. அதன் வெளிப்பக்கத்தை எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண் ஜன்னல் சட்டகத்தில் ஏறி, ஒரு கையால் பிடித்துக்கொண்டு துடைப்பதை இரண்டு வருடம் பார்த்திருக்கிறேன். அவருக்கு எழுத்தில் எந்த ஒப்பந்தமும் நான் கொடுத்ததில்லை. வேலையிழப்புக் காப்பீடும் கட்டியதில்லை. மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினாலே அது கட்டாயம்.

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு மேசையில் இருவரும் உட்கார்ந்து எழுதினோம். மணிக்கூலி, விடுப்பு, உடல்நலமில்லாத நாள், நோட்டீஸ், என்னென்ன வேலை. அவர் ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படித்தார். 'ஜன்னல் துடைப்பது' என்ற இடத்தில் நிறுத்தி, பேனாவைக் கேட்டு வாங்கி, பக்கத்தில் 'உள்பக்கம்' என்று எழுதிச் சேர்த்தார்.