சங்கின் வயதும் அறுத்தவன் காலமும்

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊரான அழகன்குளத்தில் உறவினர் ஒருவர் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டியபோது, இடுப்பளவு ஆழத்தில் ஒரு சங்குத் துண்டு வந்தது. வளையலுக்கு வட்டம் அறுத்தெடுத்தபின் கழித்துப் போட்ட முனைப்பகுதி அது. அறுத்த முகத்தில் வாளின் கோடுகள் நூல் பிடித்ததுபோல் ஓடின. “கார்பன் டெஸ்ட்டுக்கு அனுப்புனா எந்தக் காலம்னு சொல்லிருவாங்கள்ல, மச்சான்?” என்றார். அவ்வளவு எளிதன்று.

உயிர் நின்றதும், தானே சிதையும் கார்பன் வகையான கார்பன்-14 உடலில் சேர்வதும் நின்றுவிடுகிறது. இருப்பதில் பாதி 5,730 ஆண்டுகளில் சிதைகிறது. எனவே, இச்சோதனை சொல்வது சங்குப்பூச்சி இறந்த காலத்தையே அன்றி, அதை ஒருவன் அறுத்த காலத்தை அன்று. போதாக்குறைக்கு, கடல்நீரில் பழைய கார்பன் கலந்திருப்பதால், ஒரே நாளில் இறந்த மரத்தைவிடச் சங்கு சராசரியாக 400 ஆண்டு மூத்ததாகக் கணக்கில் வரும். அந்தந்தக் கடலுக்கேற்ற திருத்தம் தேவை.

பொருளின் வயது வேறு, மனிதக் கை பட்டது வேறு என்ற இதே சிக்கல்தான் கனடாவின் யூக்கான் பகுதியிலுள்ள புளூஃபிஷ் குகைகளை நெடுங்காலம் இழுத்தடித்தது. 1977 முதல் 1987 வரை அங்கே அகழ்ந்த ஜாக் சாங்க்-மார்ஸ், பனியூழிக் காலத்திலேயே மனிதர் வந்து போனதாகச் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. அங்குக் கிடைத்த விலங்கு எலும்பின் வயது சரியாகவே இருக்கட்டும், அதில் மனிதக் கை பட்டதற்கு என்ன சான்று என்பதே கேள்வி. ஓநாய் கடித்தாலும் எலும்பில் தடம் விழும். சுமார் 36,000 எலும்புத் துண்டுகளை மீண்டும் ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட குழுவினர், உறுதியான வெட்டுத் தடம் உள்ளவற்றிலிருந்தே மாதிரி எடுத்துக் காலம் கணித்தனர். அவற்றில் மிகப் பழையது, நாக்கை அறுத்தெடுத்த கீறல்கள் கொண்ட ஒரு குதிரைத் தாடை. அதன் வயது ஏறத்தாழ 24,000 ஆண்டுகள். தடமும் வயதும் ஒரே எலும்பில் அமைந்ததுதான் அந்த ஆய்வின் வலு என்பேன். ஐயம் இன்னும் முழுதாகத் தீரவில்லை என்பது வேறு கதை.

அங்கே குளிர், காலம் கணிக்க உதவும் கொலாஜன் என்ற எலும்புப் புரதத்தைக் காத்துக் கொடுத்தது. நம் கரையின் வெக்கையில் அது பெரும்பாலும் தங்குவதில்லை. ஆகவே அடுப்புக்கரியும் கருகிய தானியமுமே இங்கு நம்பகமான மாதிரிகள். கரியிலும், பல ஆண்டு வளர்ந்து வைரம் பாய்ந்த மரத்தைவிட, ஓராண்டில் விளைந்த நெல்மணி மேல்.

சங்கோடு ஒரே அடுக்கில் கிடந்த கரித்துண்டு இருந்தால் ஏதாவது சொல்லலாம் என்று உறவினரிடம் விளக்கினேன். குழியிலிருந்து அள்ளிய மண் முந்தின நாளே டிராக்டரில் ஏறி, தெருப்பள்ளத்தை நிரப்பப் போயிருந்தது.